ஊர் வெயிலுக்கு ஏற்ற பூச்செடிகள்

தமிழ்நாட்டின் சமவெளியில் ஒரு பூச்செடி பிழைத்துப் பூக்க, மூன்று கட்டங்களைத் தாண்டியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும் பகல் வெயில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அது சூடு தணியாத இரவு. பகலில் இலைகள் சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியை இரவு முழுக்கச் செடி தன் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைந்து, மிச்சம் மொட்டாகும். இரவிலும் வெக்கை இறங்காவிட்டால் சேர்த்தது அத்தனையும் உயிர் வாழவே போய்விடும். பான்சி, கார்னேஷன், டேலியா முதலிய குளிர்நாட்டுச் செடிகள் நிழல்வலைக்குள் வைத்தாலும் பங்குனியில் துவண்டுபோவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

தை மாதத்தில் நர்சரியில் பூத்துக் குலுங்கிய நிலையில் வாங்கிவந்த செடி, கத்திரி வெயில் வருமுன்பே கருகிவிட்டால் ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று நொந்துகொள்பவர்கள் ஏராளம். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமவெளி நர்சரிகளில் விற்கும் வண்ணச் செடிகளில் கணிசமானவை ஓசூர், பெங்களூரு வட்டாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் வளர்ந்தவை. அந்த இரவுக் குளிரில் உருவான மொட்டுகள்தாம் இங்கே வந்து விரிகின்றன. அடுத்த மொட்டை இந்த ஊர் இரவில் அந்தச் செடியால் உருவாக்க முடியாது. ஆகவே செடியை வாங்கும்போது அதன்மேல் இப்போது இருக்கும் பூவை விட்டுவிட்டு, வைகாசியில் அது என்ன ஆகும் என்று கேட்பதே பயன்தரும் கேள்வி.

சமவெளி என்றாலும் எல்லா ஊரும் ஒன்றில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்துவிடும். உப்புக்காற்றும் புழுக்கமும் வருடம் முழுக்க உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் கோவையில் மழை அதில் பாதியளவுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வெக்கையைத் தணிக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் வறண்ட மண்ணும் உவர்நீரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால், அங்கே செம்பருத்தியும் இட்லிப்பூவும் கேட்பாரில்லாமலே வேலியோரத்தில் தழைக்கின்றன. பக்கத்து வீட்டு வாசலில், யாரும் அதிகம் கவனிக்காமலே பல வருடங்களாகப் பூத்துவரும் செடி எது என்று பார்ப்பதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

எந்தத் திசையில் வெயில்?

நிலத்தில் தோட்டம் போட இடமில்லாத நகர வீடுகளில் திசைதான் பாதித் தட்பவெப்பம். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்குப் பார்த்த பால்கனியில் கடும் கோடையில் வெயில் விழும், மார்கழியில் விழாது. தெற்குப் பார்த்த பால்கனியிலோ தை, மாசியில் நாள் முழுக்க இதமான வெயில், வைகாசியில் நிழல். வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்கள் ‘தெற்கு என்றால் வெயில், வடக்கு என்றால் நிழல்’ என்று சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றினால் தவறிப்போகும்.

கிழக்கு வாகான திசை. காலை வெயிலை வாங்கிக்கொண்டு மதியத்துக்குமேல் நிழலில் இளைப்பாறும் செடிகளில் மல்லிகை, செம்பருத்தி, ரோஜா எல்லாம் அடங்கும். மேற்குதான் கடினம், மாலை வெயிலோடு, பகலெல்லாம் காய்ந்த சுவரும் இரவு ஒன்பது மணி வரை அனல் விடும். அங்கே காகிதப்பூ, டேபிள் ரோஸ், அடீனியம் தவிர மற்றவை தொட்டியில் நிற்பது சிரமம். தெற்கில் தைமாதத்துப் பருவப் பூச்செடிகளையும், வடக்கில் பாதி நிழலைப் பொறுத்துக்கொள்ளும் கனகாம்பரத்தையும் வைக்கலாம்.

மல்லிகையும் கவாத்தும்

வெயிலைச் சகித்துக்கொள்ளும் செடிகள் பல. வெயிலையே பருவமாக ஆக்கிக்கொண்ட செடி குண்டுமல்லி. மற்ற செடிகள் வாடத் தொடங்கும் பங்குனி, சித்திரையில்தான் அதன் உச்சப் பூப்பு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்த இனம்தான். தென்மாவட்டத் தோட்டங்களுக்கான மல்லிகை நாற்றுகள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் வேர் பிடித்துப் போகின்றன.

மல்லிகை புதிதாக விடும் தளிர்களின் நுனியில் மொட்டு வைக்கும். முற்றிய பழைய கிளையில் வைக்காது. இது தெரிந்தால் மல்லிகை வளர்ப்பின் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. வீட்டுக் கொடி இலை மட்டும் செழித்துப் பூக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வெட்டத் துணியாத பாசமே காரணம். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பருக்குள், மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்தி, செடியை ஓய்வுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, காய்ந்த குச்சிகளையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஒல்லிக் கிளைகளையும் நீக்கி, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடுவார்கள். அப்போது பார்த்தால் செத்த புதர் போலத்தான் இருக்கும். அடியில் மண்ணைக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இட்டு, தண்ணீர் விட்டால் சில வாரங்களில் கணுவுக்குக் கணு செம்மை கலந்த தளிர் கிளம்பும். மாசியில் அதன் நுனியில் மூன்று மூன்றாக மொட்டு திரளும். நடு மொட்டு முந்திக்கொண்டு விரியும். பக்கத்து இரண்டும் பின்னால் வரும்.

தொட்டியில் வளரும் மல்லிகைக்கும் இதே விதிதான். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால், அடுத்த சுற்று சீக்கிரம் வரும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் படாத இடத்தில் மல்லிகை வைப்பது வீண். பூவைக் கட்டுவதற்கு என்றால் அதிகாலையில், மொட்டு வெளுத்து உப்பி நிற்கும்போது பறிக்க வேண்டும். அது மாலையில் விரிந்து மணக்கும்.

முல்லையும் பிச்சியும் இதே குடும்பம்தான், ஆனால் நாள்கணக்கு வேறு. முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசி வாரத்தில். பிச்சி எனப்படும் ஜாதிமல்லிக்கு மார்கழி நடுவிலிருந்து தை தொடக்கம் வரை. மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டு, ஒன்று பூக்கவில்லையே என்று தேடுவது வழக்கமாக நடப்பது. மல்லிகையின் பருவம் முடிந்த பின்னும் வீட்டில் வெள்ளைப் பூ வேண்டும் என்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை ரகம் கை கொடுக்கும். அது வருடம் முழுக்கப் பூக்கும். மணம் குண்டுமல்லி அளவுக்கு இருக்காது.

சரத்தில் சேரும் மற்ற பூக்கள்

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. மணமில்லை, ஆனால் இலேசான எடையும் எளிதில் வாடாத தன்மையும் அதைக் கதம்பத்தில் நிலைக்க வைத்தன. முழு வெயிலைவிடச் சிதறிய நிழலே அதற்குப் பிடித்தம். முருங்கை, அகத்தி போன்ற மெல்லிய நிழல் மரங்களின் அடியில் நன்றாக வரும். பூ உதிர்ந்தபின் கதிரில் நிற்கும் காய்ந்த காய்களைத் தண்ணீரில் போட்டால், சில நொடிகளில் ‘பட்’டென்று வெடித்து விதைகள் எகிறும். மழைத்துளி பட்டாலும் இப்படியே நடப்பதால், ஒரு செடி வைத்த இடத்தைச் சுற்றி அடுத்த பருவத்தில் குட்டிக் கனகாம்பரங்கள் முளைத்துக் கிடக்கும். ‘டெல்லி கனகாம்பரம்’ மட்டும் விதிவிலக்கு. மும்மடங்குக் குரோமோசோம் தொகுதி கொண்ட அந்த ரகம் விதை வைக்காது. குச்சி நட்டே பெருக்க வேண்டும். பளிச்சென்ற செங்காவி நிறத்தில் பெரிய பூ என்பதால் சந்தையில் அதற்குத்தான் மவுசு.

செவ்வந்திக்கு வெப்பத்தைவிட இரவின் நீளம் முக்கியம். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். சென்னையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 13 மணி நேரம், மிகக் குறுகியது 11 மணி 20 நிமிடம். இந்தச் சின்ன வித்தியாசமே செவ்வந்திக்குப் போதும். சித்திரையிலிருந்து ஆனிக்குள் நட்டு, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளை வரவழைத்தால், ஐப்பசி முதல் மார்கழி வரை பூக்கும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் மேலே விழும் இடத்தில் வைத்த செவ்வந்தி, இரவு வந்ததையே அறியாமல் இலை இலையாகத் தழைத்துக்கொண்டிருக்கும். மலர்ப் பண்ணைகளில் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பைத் தேவையான தேதிக்குத் தள்ளிப்போடுவதும் இதே சூத்திரத்தில்தான். பூத்து ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி எறியாமல் தண்டை மட்டும் வெட்டிவிட்டால், அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள் அடுத்த பருவத்துக்கு நாற்றாகும்.

சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. ஆனி, ஆடியில் கிழங்கு நட்டு, முழு வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் கொடுத்தால் அதன்பின் பெரிய கவனிப்புத் தேவையில்லை. ஒற்றை இதழ் ரகத்தில் மணம் அதிகம். அடுக்கு இதழ் ரகம் ஜாடிக்கு அழகு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் ரகத்தின் மொட்டில் இலேசான இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

ரோஜாவில் சமவெளிக்கு ஏற்றவை பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா, பட்டன் ரோஜா ஆகியவை. பெரிய ஒற்றைப் பூ விடும் ஒட்டு ரகங்கள் தையில் அழகாக வந்து கோடையில் சிறுத்துப்போகும். ஒட்டுக்குக் கீழேயிருந்து புறப்படும் தளிரை அவ்வப்போது அகற்றாவிட்டால், வாங்கிய ரோஜா மறைந்து வேர்ச்செடி மட்டுமே எஞ்சும்.

பராமரிப்பே கேட்காத புதர்கள்

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் தண்ணீர் லாரி எப்போதாவது வந்துபோகும் இடத்திலும் பூத்து நிற்பது அரளி. வறட்சி, உவர்நீர், புகை, உப்புக்காற்று எதற்கும் அசையாது. சேலம் மாவட்டத்தில் பனமரத்துப்பட்டி பக்கம் அது வயல் வயலாகப் பயிராகிறது. ஆனால் வேரிலிருந்து பூ வரை அத்தனையும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தவழும் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் அரளியைத் தவிர்ப்பதே நல்லது. மாநில மலரான செங்காந்தளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தானாகவே கார்த்திகை வாக்கில் பூத்து, கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடும் அருமையான கொடி அது. கிழங்கு கொடிய நஞ்சு.

காகிதப்பூ வாங்கியவர்கள் செய்யும் தவறு, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது. வேர் ஈரமாகவே இருந்தால் அது முள்ளும் இலையுமாக ஓடும். மண் நன்றாகக் காய்ந்து இலை இலேசாகத் துவளும் வரை விட்டால்தான் நிறம் வரும். அந்த நிறமும் பூவினுடையதன்று. மூன்று வண்ணச் செதில்களுக்கு நடுவே நிற்கும் சின்னஞ்சிறு வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ.

இட்லிப்பூ இந்த மண்ணுக்கே உரிய வெட்சி இனம். அதன் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உவர்ப்பான ஆழ்குழாய் நீரிலும் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மல்லிகையில் வரும் வெளுப்புக்கும் இதுவே மருந்து.

உள்ளூர்ச் செடி என்பது பூர்வீகச் செடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துலுக்கச் சாமந்தி மெக்சிகோவுக்குச் சொந்தம், அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்துக்கு, நித்தியகல்யாணி மடகாஸ்கருக்கு. தங்கள் ஊரின் வெயிலை இங்கேயும் கண்டதால் அவை ஊன்றிக்கொண்டன. நித்தியகல்யாணி சுவர் விரிசலில்கூட முளைக்கிறது; தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் புற்றுநோய் மருந்துகளுக்காகப் பயிராகவும் விளைகிறது. அதற்கு ஒரே எதிரி அடியில் தேங்கும் மழைநீர்.

விதை போடும் மாதங்கள்

ஓராண்டுப் பூச்செடிகளுக்குச் சமவெளியில் இரண்டு விதைப்புக் காலங்கள். ஆடியில் விதைப்பவை வெப்பத்துக்கு அஞ்சாதவை: கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை, செண்டுமல்லி, ஜீனியா. இவை ஆயுதபூஜை, தீபாவளிக்குப் பூவாகும். இரண்டாவது விதைப்பைப் புரட்டாசிக் கடைசியில் கூரையடியில், குழித்தட்டில் தொடங்கலாம். பெட்டூனியா, டயாந்தஸ், பிளாக்ஸ் ஆகிய குளிர்விரும்பிகள் மழை ஓய்ந்ததும் வெளியே வந்து, தையிலிருந்து பங்குனித் தொடக்கம் வரை பூக்கும். அதன்பின் அவற்றைக் காப்பாற்றப் போராட வேண்டாம். உரக்குழிக்கு அனுப்பிவிட்டு அந்தத் தொட்டியில் டேபிள் ரோஸ் குச்சிகளைச் செருகினால் கோடை முழுக்கக் காலை பத்து மணிக்குப் பூத்திருக்கும்.

மண், தொட்டி, தண்ணீர்

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு என்பது பழைய கணக்கு, தரையில் வைக்கும் தொட்டிக்கு இன்றும் சரியானது. மொட்டை மாடியில் எடையைக் குறைக்க மணலுக்குப் பதில் தேங்காய்நார்க் கழிவு சேர்ப்பார்கள். அதைப் பலமுறை தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகே கலக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பைகள் மாடி வெயிலில் வேரையே வேகவைத்துவிடும். மண்தொட்டியோ, வெளிர்நிறப் பையோ நல்லது. காய்ந்த உரிமட்டைகளைக் குழிவு மேலாக வராமல் கவிழ்த்து மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், கொசுவும் சேராது.

ஆழ்குழாய் நீர் ஊற்றும் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது உப்பு. ரோஜா அதைத் தாங்காது. அரளி, காகிதப்பூ தாங்கும். ஐப்பசி மழை இந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால், அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று புரட்டாசியிலேயே குச்சிவிட்டுப் பார்ப்பது அவசியம். அடீனியத்தை மட்டும் மழைக்காலம் முழுக்கக் கூரைக்குள் வைக்க வேண்டும். அதன் பருத்த அடித்தண்டு நனைந்தே இருந்தால் உள்ளிருந்து அழுகும்.

செம்பருத்தியின் நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிவது மாவுப்பூச்சி. 2008-ல் கோவைப் பகுதியில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு வீட்டுச் செம்பருத்திகளையும் வாரிச் சுருட்டியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோஃபேகஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கடும் பூச்சிக்கொல்லி அடிக்கிற தோட்டத்தில் இத்தகைய குளவிகள் பிழைப்பதில்லை. நுனியை வெட்டி அழித்து, வேப்பெண்ணெய் 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசல் ஆகியவற்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் தெளிப்பது வீட்டளவில் போதும். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். கோடையில் மல்லிகை இலை வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும்.

மலைமேல் வேறு கணக்கு

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100, ஏற்காடு 1,500. சமவெளியில் முடியாத டேலியா, கிளாடியோலஸ், ஃபியூஷியா, ஜெரேனியம் இங்கே வேலியோரச் செடிகள். 1848-ல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவும், 1995-ல் அமைந்த ரோஜாப் பூங்காவும் இந்தக் குளிரை நம்பியே நிற்கின்றன. ஹைட்ரேஞ்சியாவின் நிறத்தை மண்ணின் அமிலம் தீர்மானிக்கிறது: நீலகிரியின் புளிப்பு மண்ணில் நீலம், சுண்ணாம்பு கலந்த மண்ணில் இளஞ்சிவப்பு.

இங்கே செடிக்குச் சோதனை வெயிலால் வருவதில்லை, உறைபனியால் வருகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த வான இரவுகளில் பள்ளத்தாக்குப் புல்வெளி வெள்ளைப் போர்வையாகும். இலைச் சாறு உறைந்து செல்கள் சிதைவதால், அடுத்த நாள் வெயில் ஏறியதும் இலைகள் கறுக்கும். பூங்காவில் மாலையிலேயே நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளால் மூடிவைத்து, விடியலில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் பழைய சாக்கும் வேட்டியும் அந்த வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். மேட்டுச் சரிவில் நட்ட செடிக்குப் பாதிப்பு குறைவு, கனத்த குளிர்காற்று கீழே வடிந்துபோய்ப் பள்ளத்தில் தங்குவதே காரணம். மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளை மூடிய கொட்டகைக்குள் குளிர்காலத்திலேயே விதைத்து, உறைபனி முடிந்த பிறகே வெளியே நடுகிறார்கள். மலையில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கும் அதே தேதிதான் சரி: பாத்தியில் நாற்று நட மார்ச் வரை பொறுக்க வேண்டும்.